படையலில் வைத்த போயிலை

பெரியப்பாவின் எட்டுச்செலவன்று பின்னேரம் என்னைத்தான் கடைக்கு அனுப்பினார்கள். சமையல் முடிந்திருந்தது. மீன்குழம்பு, முட்டைப்பொரியல், பாலப்பம், அவருக்குப் பிடித்த பனங்காய்ப் பணியாரம் எல்லாம் தலைவாழையிலைக்குக் காத்திருந்தன. கால்போத்தல் சாராயத்தை யாரோ மருமகன் கொண்டுவந்து வைத்துவிட்டான். "போயிலை எங்கை?" என்று பெரியம்மா கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனேன். கடைக்காரர் கோடாப் போயிலையில் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிப் பேப்பரில் சுற்றித் தந்தார். காசு வாங்கவில்லை. "அவருக்கெண்டாச் சும்மா கொண்டுபோ தம்பி. முப்பது வருச வாடிக்கை."

பெரியப்பா இறந்தது வாய்ப் புற்றுநோயால். இடது கன்னத்தின் உட்புறத்தில், அவர் போயிலையை அடக்கி வைக்கும் அதே இடத்தில் தொடங்கிய புண் அது. கடைசி மாதங்களில் அந்த வாயால் தண்ணீர்கூட இறங்கவில்லை. மூக்கால் விட்ட குழாயில் கஞ்சித்தண்ணீர் போனது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த இலையில் வெற்றிலையும் சீவலும் சுண்ணாம்பும் ஒரு துண்டுப் போயிலையும் வைத்தோம். வைத்தது என் கை. அங்கே நின்ற முப்பது நாற்பது பேரில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. எனக்கும் அன்று உறுத்தவில்லை என்பதைச் சொல்லாமல் இதை எழுதினால் பொய்யாகிவிடும்.

இது குற்றப்பத்திரிகை அல்ல. குற்றம் சாட்ட எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அதில் யாழ்ப்பாணத்தாரை வெல்ல ஆளில்லை. புற்றுநோய் ஏன் கூடிவிட்டது என்று ஒரு செத்தவீட்டுப் பந்தலுக்குள் கேட்டுப் பாருங்கள். சண்டையில் அடித்த குண்டின் நஞ்சு என்பார் ஒருவர். பிராய்லர் கோழி என்பார் அடுத்தவர். தென்னிலங்கையிலிருந்து வரும் மரக்கறி, சீனத்து அப்பிள், கைப்பேசிக் கோபுரம் என்று பட்டியல் நீளும். சொல்லி முடித்ததும் தட்டம் சுற்றி வரும். பேசியவர்கள் ஆளுக்கொரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவுவார்கள்.

போரை ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்பத்திரிகளைச் சிதைத்தது போர். பாதையை மூடியது, கிளாலிக் கடலை நோயாளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் வைத்தது, மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியவர்களை வீட்டுத் திண்ணையிலேயே சாகவிட்டது. அது வேறு கணக்கு. அதை எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போர் எங்கள் வாய்க்குள் போயிலையை வைக்கவில்லை. அதை வைத்தது நாங்கள். பயிரிட்டதும் நாங்கள், பதப்படுத்தியதும் நாங்கள், கடல் தாண்டி விற்றதும் நாங்கள்தான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏறிக்கொண்டிருந்தது. அங்கே அதற்கென்று தனிச் சந்தை, தனி வரி, தனி ஏகபோகம் எல்லாம் இருந்தன. மலையாளத்தில் இன்றும் 'ஜாப்பாணம் புகையில' என்ற பெயர் வழக்கில் உண்டு. அங்கே போவது மெல்லும் போயிலை. உள்நாட்டுக்குச் சுருட்டு. சிங்கள ஊர்களின் சந்திகளில் எங்கள் தீவகத்தார் நடத்திய சுருட்டுக்கடைகளை அறியாத பழைய தலைமுறை தெற்கிலும் இல்லை. திருவிதாங்கூர்ச் சந்தை ஆட்டம் கண்டபோது, 1930களில் மலையாளப் புகையிலைக்கென்றே இங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் கட்டினோம். அந்தக் காசில் கல்வீடு எழும்பியது, சீதனம் போனது, கோயிலுக்கு மணி வந்தது, பிள்ளைகள் பட்டணத்தில் படித்தார்கள். எங்கள் பெருமைகளில் பாதியைப் பிழிந்தால் போயிலைச் சாறு சொட்டும்.

அதே திருவிதாங்கூரின் தெற்கில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூர் என்றொரு ஊர். லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று அங்கே இருந்தது. அதில் வேலை செய்த பென்றல் என்ற வைத்தியர் 1908இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் பெரும்பங்கு வாய்ப் புற்று. 1933இல் அதே ஆஸ்பத்திரியின் ஐ. எம். ஓர் 'லான்செற்' இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப் புற்றுநோய் என்ற தலைப்பிலேயே எழுதி, போயிலையையும் தாம்பூலத்தையும் நேரே சுட்டினார். அந்த வாய்களில் போனதெல்லாம் எங்கள் இலை என்று சொல்ல வரவில்லை. வேறு ஊர்ப் போயிலையும் அங்கே விற்றது. ஆனால் எங்கள் முதற்பெரும் சந்தையில் என்ன நடக்கிறதென்று அச்சில் வந்துவிட்டது. அதுவும் நாங்கள் விழுந்து விழுந்து படித்த இங்கிலீசிலேயே வந்தது. அந்தப் பத்தாண்டில் எங்கள் கவலை எல்லாம் திருவிதாங்கூர் விதித்த தீர்வையைப் பற்றியதாக இருந்தது. தீர்வை பற்றி மகஜர் எழுதத் தெரிந்த எங்களுக்கு, வாடிக்கையாளனின் வாய் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

கமக்காரனை மட்டும் பிடித்து நிறுத்துவது நியாயமில்லை. செம்பாட்டு மண்ணில், ஆறு என்று ஒன்று இல்லாத நாட்டில், துலா மிதித்து இறைத்துப் பிழைத்தவன் அவன். கன்று நட்டு, தலை முறித்து, பக்கக் கன்று கிள்ளி, வெட்டி, குடிலில் தொங்கவிட்டு, பொச்சு மூட்டிப் புகை போட்டு எடுக்கும் வரைக்கும் ஒரு போயிலைக்குப் பிள்ளை வளர்ப்பது போன்ற பாடு. புகை போடுவதில் சுவையும் நிறமும் வரும். நைத்திரோசமைன் என்னும் புற்றுநோய் வித்துகளும் இலை பதப்படும்போதுதான் உண்டாகின்றன. குடிலுக்குள் நின்றவனுக்கு அது தெரிய வழியில்லை. வெளியே நின்ற படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மருத்துவர்களையும் விஞ்ஞானிகளையும் பேராசிரியர்களையும் இவ்வளவு எண்ணிக்கையில் உலகுக்கு அனுப்பிய ஒரு குடாநாடு, தன் தோட்டத்து இலையைப் பற்றித் தனக்குள் உரக்கப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அப்பாவின் தோட்டத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

பெரியப்பாவின் கன்னத்தில் முதலில் வந்தது வெள்ளைப் படலம். பால் ஆடைபோல் இருக்கும், சுரண்டினாலும் போகாது, வலிக்காது. அதை வருடக்கணக்காகப் பார்த்தோம். "சுண்ணாம்பு கூடிப்போச்சுது" என்றார் அவர். ஓம், கூடித்தான் போயிருக்கும் என்றோம். பிறகு மீன்குழம்பின் உறைப்பு எரிகிறது என்றார். பெரியம்மா மிளகாயைக் குறைத்தார். குழம்பில் மிளகாய் குறைந்துகொண்டே வந்ததைத் தவிர அந்த இரண்டு வருடமும் வைத்தியம் என்று எதுவும் நடக்கவில்லை. பல்லுக் குத்தியது என்று ஒரு காலம், வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி என்று ஒரு காலம். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்ற ஒற்றை வரி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. எனக்குப் பாடசாலைச் சுகாதாரப் புத்தகத்திலேயே தெரியும். ஆனால் பெரியப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்பது எப்படி? ஒரு மூத்தவரின் சாதகத்தை, காணியை, கடனைப் பற்றிக் கேட்கலாம். வாய்க்குள் பார்க்கக் கேட்பது மரியாதையில்லை. அந்த மரியாதையைத்தான் கடைசிவரை காத்தோம்.

இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் வாய்ப் புற்று. இது கண்ணாலே பார்க்கக்கூடிய புற்று. ஸ்கான் வேண்டாம், குழாய் விட வேண்டாம். யன்னலோரம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னால் போதும். அதைத்தான் முற்றவிடுகிறோம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை சேர்ந்த கூட்டுப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலேயே சொல்லியது. போயிலை இல்லாவிட்டாலும் தப்ப முடியாது, வெறும் பாக்கே போதும் என்று அதே முகவரகம் 2003இல் கூடி முடிவெடுத்தது. பாக்கிலுள்ள அரெக்கோலின் கன்னத்தின் உள்தசையை நார்நாராக இறுக்குகிறது. சுண்ணாம்பு அந்தச் சாரத்தை இன்னும் வேகமாக இறக்குகிறது. "நான் போயிலை போடுறதில்லை, வெறும் வெத்திலைதான்" என்று நெஞ்சை நிமிர்த்தும் எங்கள் மாமிமாருக்கு இதைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கலியாணவீட்டில் தட்டத்தை நீட்டுகிறவனாகத்தான் இருந்திருக்கிறேன்.

பெரியவர்களோடு இது போய்விடும் என்றொரு ஆறுதல் எங்களிடம் இருந்தது. பாக்குரலில் இடித்துப் போட்ட அம்மம்மாக்கள் போய்விட்டார்கள். பாக்குவெட்டி அலுமாரிக்கு மேலே துருப்பிடிக்கிறது. அந்த ஆறுதல் மாவா வந்ததும் போயிற்று. சீவிய பாக்கு, போயிலை, சுண்ணாம்பு, கூடவே கையில் கிடைத்ததெல்லாம் சேர்த்துப் பொலித்தீனில் முடிந்த உருண்டை. பாடசாலைப் பொடியன் காற்சட்டைப் பையில் வைத்திருக்கிறான். 2016இல் புகையில்லாப் புகையிலைப் பொருட்களின் உற்பத்தியும் இறக்குமதியும் விற்பனையும் நாட்டில் தடைசெய்யப்பட்டன. பொலிஸ் பிடித்தால் பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வரும்: மாவாவுடன் இளைஞன் கைது. நாங்கள் அதைப் போதைவஸ்துச் செய்தியாக வாசித்து, காலம் கெட்டுப்போச்சு என்று பக்கம் புரட்டுகிறோம். தாத்தாவின் தட்டத்தில் இருந்த அதே மூன்று சாமான்தான் அந்தப் பொலித்தீனில் இருக்கிறது என்பது உறைப்பதில்லை. அந்தப் பொடியனின் வாய் இருபத்தைந்து வயதில் மூன்று விரல் நுழையத் திறக்காதபோது பல்வைத்தியர் கண்டுபிடிப்பார். கன்னம் நாராகிவிட்டது என்று அதற்குப் பொருள். நாரான கன்னம் திரும்ப இளகாது.

கிணற்றுக்கு வருகிறேன். உண்மையில் இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன், துணிவு வரவில்லை. 

2014, 2015இல் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தது நினைவிருக்கும். மின்நிலைய எண்ணெய் நிலத்தில் இறங்கிக் கிணறுகளுக்குப் பரவியது என்று ஊர் எழும்பியது. உண்ணாவிரதம், ஊர்வலம், வழக்கு. தண்ணீர்த் தாங்கிகளை ஒழுங்கைக்கு ஒழுங்கை கொண்டுபோய் வைத்தார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கக் கட்டளையிட்டது. நாங்கள் சேர்ந்து நின்று வென்ற மிகச் சில சண்டைகளில் அது ஒன்று. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். நானும் ஒரு நாள் பதாகை பிடித்தேன்.

ஆனால் அதே கிணறுகளில் எண்ணெய்க்கு முப்பது வருடம் முன்பே வேறொன்று இருந்தது. 1983இல் மகேஸ்வரனும் மகாலிங்கமும் குடாநாட்டின் கிணற்று நீரிலும் மண்ணிலும் நைத்திரேற்றின் அளவைச் சோதித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தோட்டப் பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்று பாதுகாப்பான அளவைத் தாண்டியிருக்கிறது என்பதைப் பிறகு வந்த ஆய்வுகளும் திரும்பத் திரும்பக் காட்டின. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த எல்லை கைக்குழந்தைகள் நீலம்பாரிக்காமல் இருக்க வகுத்தது. புற்றுநோய்க்கும் அதற்கும் உள்ள உறவு வேறு வழியாக வருகிறது: குடித்த நைத்திரேற்று உடம்புக்குள் நைத்திரைற்றாகி, வயிற்றில் புரதச் சிதைவுகளோடு கூடி, நைத்திரோசோச் சேர்வைகளாகிறது. போயிலைக் குடிலில் பார்த்த அதே குடும்பம். அப்படி மாறும் நிலையில் அது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதே ஆய்வு முகவரகத்தின் முடிவு. 'உண்டாக்கும்' என்று பாக்குக்குச் சொன்ன உறுதி இதற்கில்லை. அந்த வித்தியாசத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எண்ணெய்க்கு எதிராகத் தெருவில் இறங்க எங்களுக்கு அந்த அளவு உறுதிகூடத் தேவைப்படவில்லையே.

நைத்திரேற்றை ஊற்றியவர் யார்? நாங்கள். முன்பு பூவரசங்குழை தாட்டு, ஆட்டுப்பட்டி கட்டி எருவேற்றிய தோட்டங்கள்தான் இவை. துலா போய் இறைப்பு மெசின் வந்தது. எழுபதுகளில் அரசு இறக்குமதியை மூடியபோது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பொன்விலை. அந்தக் காலத்தைக் கமக்காரர்கள் இன்றும் கண்மலரச் சொல்வார்கள். யூரியா மூட்டை மூட்டையாக இறங்கியது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் எடுத்தது போக மிச்சம் மேலதிகத் தண்ணீரோடு செம்பாட்டைக் கடந்து கீழே போகும். கீழே இருப்பது சுண்ணக்கல். துவாரமும் பிளவுமாக, வடிகட்டத் தெரியாத கல். அதன் மேலே ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு, ஒரு மலசலகூடக் குழி. மகளுக்குச் சீதனமாகக் காணியைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்ததில் கிணற்றுக்கும் குழிக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. வேலிக்கு வழக்குப் பேசும் நாங்கள், நிலத்துக்கடியில் வேலியே இல்லை என்பதை மறந்துவிட்டோம். என் யூரியா உங்கள் குடத்தில்; உங்கள் குழி என் குடத்தில்.

எண்ணெய்க்கு ஒரு கொம்பனி இருந்தது. அதனால் ஊர்வலம் போக முடிந்தது. யூரியாவுக்கு யாரிடம் ஊர்வலம் போவது? சித்தப்பா வீட்டுக்கா?

தோட்டக்காரர் எவரோடும் நெருங்கிப் பழகியவருக்கு இன்னொன்றும் தெரியும். சந்தைக்குப் போகும் கத்தரிப் பாத்தி வேறு, வீட்டுக்கு ஆய்கிற பாத்தி வேறு. வீட்டுப் பாத்திக்கு மருந்தடிப்பதில்லை. "அது உங்களுக்கில்லைத் தம்பி, இஞ்சாலை வந்து ஆயுங்கோ" என்று ஒருவர் என்னை அன்போடு கூட்டிப்போய்த் தன் வீட்டுப் பாத்தியில் கத்தரிக்காய் பறித்துத் தந்தார். அந்த அன்பை வாங்கிக்கொண்டு வந்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்குகிறவர்கள் யார் என்று அவரிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. திருவிதாங்கூருக்குப் போயிலை அனுப்பிய அதே மனக்கணக்கு: கண்ணுக்கு எட்டாத வாய், எங்கள் வாய் அல்ல.

சாப்பாட்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் பழைமை பாடத் தோன்றும். குரக்கன் பிட்டு, ஒடியற்கூழ், பழஞ்சோறு, முருங்கையிலை வறை, அகத்தி. உண்மைதான், நாரும் கீரையும் தவிடு போகாத அரிசியும் பெருங்குடல் புற்றின் ஆபத்தைக் குறைப்பவை. ஆனால் பழையதெல்லாம் அமிர்தம் என்று சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒடியற்கூழுக்குப் போடும் பனங்கிழங்கு மாவை உண்ட எலிகளின் ஈரலிலும் நிணத்திசுவிலும் பாதிப்பைக் கண்டதாகப் பேராதனை ஆய்வாளர்கள் 1971இல் எழுதினார்கள். எலிக்கு நடந்தது மனிதருக்கு நடக்கும் என்றில்லை. கூழ் குடிப்பதை நான் விடவில்லை. ஆனால் எங்கள் கற்பகதருவைப் பற்றி இப்படியொரு கேள்வி எழுந்ததை நாங்கள் மேடையில் சொல்வதேயில்லை. கேள்வி கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் ஊர் இது.

மற்றவற்றை அதிகம் விரிக்க வேண்டியதில்லை, எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் எண்ணெயும் சீனியும் பெற்றோலும் இல்லாமல் மெலிந்து, பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிள் உழக்கியவர்கள் நாங்கள். அது ஆரோக்கியம் அல்ல, பட்டினி. பட்டினி தீர்ந்தபோது அதன் பழியை உடம்பின் மேல் தீர்த்துக்கொண்டோம். இரவில் கொத்துரொட்டி, பின்னேரம் ரோல்ஸ், வெளிநாட்டிலிருந்து மாமா வந்தால் சொசேஜ் பொரியல். 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணி என்று ஆய்வு முகவரகம் அறிவித்தது. நாளுக்கு 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றின் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றது. நாளாந்தம் சொசேஜ் தின்னும் வீடு இங்கே குறைவு. பிள்ளைக்கு அது செல்லத் தீனியாகிவிட்டது என்பதே என் கவலை. சந்திக் கடைக்குப் போகவும் ஸ்கூட்டி. மிதமிஞ்சிய உடற்கொழுப்போடு தொடர்புள்ள புற்றுநோய்கள் 13 என்று ஆய்வு முகவரகம் 2016இல் எண்ணியிருக்கிறது, எங்கள் ஊரில் தொந்தி இன்னும் சௌகரியத்தின் அடையாளம், மெலிந்தவரைப் பார்த்துத்தான் "என்ன வருத்தமோ?" என்று கேட்கிறோம். சாராயத்தையும் சொல்ல வேண்டும். மதுவை அதே முகவரகம் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்தது 1988இல். போயிலையும் சாராயமும் ஒரே வாயில் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் போகும். பெரியப்பாவின் இலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோமே, அது பொருத்தம்தான்.

பெண்களுக்கு நாங்கள் செய்தது இதைவிட மோசம். மார்பில் கட்டி தெரிந்தும் "மகளின்ர கலியாணம் முடியட்டும்" என்று ஒன்றரை வருடம் மறைத்த ஒரு தாயை எனக்குத் தெரியும். பரம்பரை வருத்தம் என்று சம்பந்தம் குழம்பிவிடுமாம். மார்புப் புற்றில் பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து பத்துத்தான் என்று தரகருக்குச் சொல்ல ஒருவர் இருந்திருக்கலாம். கலியாணம் நன்றாக நடந்தது. பேரனைப் பார்க்க அந்தத் தாய் இருக்கவில்லை. 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. முப்பத்தைந்து வயதில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, மார்புப் பரிசோதனை, சீனி, பிரஷர் எல்லாம் இலவசம். ஊர் மருத்துவமாது சைக்கிளில் வந்து படலையில் நின்று பெயர் கூப்பிட்டு அழைக்கிறார். "அடுத்த மாதம் வாறன் மிஸ்ஸி" என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வதை ஆண்களான நாங்கள் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். போகச் சொன்னதில்லை; பிள்ளையை நான் பார்க்கிறேன், போய்விட்டு வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். அந்தத் தாளில் கையெழுத்து வைக்க முன் வட்சப்பில் வந்த வதந்தியை வாசித்துவிட்டுத் தயங்கிய தகப்பன்மாரில் நானும் ஒருவன். வைத்தேன். ஆனால் தயங்கினேன்.

மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்றியலையும் இரண வைத்தியத்தையும் தமிழில் புத்தகமாக்கினார். நோய்களுக்குத் தமிழில் பெயர் சூட்டிய மண் இது. அந்த மண்ணில் இன்று "அந்த வருத்தம்" என்கிறோம். குரலைத் தாழ்த்தி, வாயசைவில் மட்டும், "மற்ற வருத்தமாம்." மரண அறிவித்தலில் 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து' என்று போடுகிறோம். பெரியப்பாவுக்கும் அப்படித்தான் போட்டோம். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான். வீட்டில் எழுத்துவேலைக்கு என்னைத்தான் பிடிப்பார்கள்.

2011இல் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து வந்தார்கள். 'ட்ரெயில்' என்று அந்த நடைக்குப் பெயர். யாழ்ப்பாணத்துக்கு ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டக் காசு சேர்ப்பது நோக்கம். வழியெல்லாம் சிங்களக் கிராமத்துச் சனம் உண்டியலில் போட்டது. 2013இல் தெல்லிப்பளையில் ஆஸ்பத்திரி திறந்தது. மகரகமவுக்கு நானூறு கிலோமீற்றர் பஸ்ஸில் போய், அறியாத பாஷையில் வரிசையில் நின்ற எங்கள் சனத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அதன் விறாந்தையில் ஒரு காலை இருந்தவர்களுக்குத் தெரியும். நான் பல காலைகள் இருந்திருக்கிறேன். வெளியே, படலைக்கு எதிர்ப்பக்கம், தேத்தண்ணிக் கடைகள். நோயாளியோடு வந்தவர்கள் அங்கே நின்று வெற்றிலை போடுவார்கள். பதற்றம் தணியப் போடுகிறோம் என்பார்கள். ஒரு காலை நானும் அந்த வரிசையில் நின்று, பெரியப்பாவின் றிப்போட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, ஒரு பீடா வாங்கிப் போட்டேன். இனிப்புப் பீடாதான். பாக்கு இருந்தது.

புற்றுநோய்களில் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதிவரை தவிர்க்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மிச்சம் ஒழுங்காக வாழ்ந்தவருக்கும் வரும். ஒரு நாளும் வெற்றிலை தொடாத என் சிநேகிதன் நாற்பத்தொரு வயதில் போனான். நோயாளியைப் பார்த்து "என்னத்தைத் தின்றாய்?" என்று கேட்கும் புதிய கொடுமைக்கு இந்தக் கட்டுரை துணைபோகக் கூடாது. தெல்லிப்பளை வார்ட்டில் படுத்திருப்பவரிடம் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. எனக்குக் கேள்வி இருப்பது எட்டுச்செலவு வீட்டில் நின்ற அந்த முப்பது நாற்பது பேரிடம்.

பெரியம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். போயிலையை விட்டுவிட்டார், பாக்கை விடவில்லை. போன மாதம் ஒரு பின்னேரம், யன்னலோரம் கதிரையைப் போட்டு, "வாயைக் கொஞ்சம் ஆவெண்டுங்கோ பெரியம்மா" என்றேன். "என்ன விசர் வேலை?" என்று சிரித்தார். பிறகு திறந்தார். ரோச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கன்னமும், நாக்கின் கீழும், அண்ணமும். சிவப்பும் வெள்ளையுமாக எதுவும் தெரியவில்லை. "உன்ரை பெரியப்பாவுக்கும் இப்பிடிப் பாத்திருக்கலாமேடா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுப்பதற்கென்று ஒரு போத்தலைக் கழுவிக் காயவைத்தேன். அது குசினி யன்னலில் இருக்கிறது. மூன்று கிழமையாகிறது.